அந்தக் கிக்கைக் கொஞ்சம் எடுடா

கல்யாண விருந்தில் கீபோர்டு வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. பாடகரைப் பார்ப்பார்கள், மணமக்கள் நுழையும் வாசலைப் பார்ப்பார்கள், மேசைக்கு இன்னும் வராத கோழி வறுவலைப் பார்ப்பார்கள். எனக்கு அது வசதி. கிள்ளான் வட்டார மண்டபங்களில் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். ஒரு பாடகர், ஒரு பாடகி, நான், ஓர் அரேஞ்சர் கீபோர்டு. அவ்வளவுதான் எங்கள் குழு. டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றன. இடது கையால் ஒரு கார்ட் பிடித்தால் போதும், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்படி ஒரு விருந்தில் மாமா முன்மேசையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி. எண்பதுகளில் ஓர் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். நான் மெதுவான ஒரு காதல் பாட்டை வாசித்து முடித்து, தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியபோது கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா அந்தக் கிக்கைக் கொஞ்சம் எடுடா. பாடுறவனுக்கு மூச்சு விட இடம் வேணும்ல?”

“அது ஸ்டைல்ல வருது மாமா. நான் அடிக்கல.”

“அதான்டா சொல்றேன். அங்க யாருமே அடிக்கல.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திற்கான பதில்தான். பதில் என்பதைவிட, அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஏன் இவ்வளவு நாளானது என்ற விளக்கம்.

பக்கவாத்தியக்காரரின் பெயர்

அரேஞ்சர் கீபோர்டில் தயாராக இருக்கும் தாளக்கட்டுக்கு ‘ஸ்டைல்’ என்று பெயர். தமிழில் நடை. பொத்தானை அழுத்தினால் முன்னிசை வரும், பிறகு மெயின் ஏ, பி, சி, டி என்று நான்கு படிகள், நடுவில் ஃபில், கடைசியில் எண்டிங். ஏ மெலிந்திருக்கும், டி கொழுத்திருக்கும். பல்லவிக்கு ஏ, சரணத்திற்கு பி, கைதட்டல் வேண்டுமென்றால் டி. முக்கால்வாசி மேடைகளில் கீபோர்டுக் கலை இந்த நான்கு பொத்தான்களோடு முடிந்துவிடுகிறது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

இது புதிய விஷயமும் இல்லை. 1959-இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் ஒரு தாளப்பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு தட்டு சுழலும். அதன் மேல் உள்ள உலோகத் தொடுமுனைகள் வால்வுகளில் உருவாகும் மேள ஒலிகளை முறைப்படி எழுப்பும். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்று 12 தாளங்கள். ஆர்கன் வாசிப்பவருக்குத் துணை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சைட்மேன்’. பக்கவாத்தியக்காரர் என்று பொருள். ஒரு கருவி யாருடைய இடத்திற்கு வருகிறதோ அவருடைய பெயரையே எடுத்துக்கொண்டது. இதைப் படித்தபோது மாமாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தப் பழைய பெட்டிகளின் வரலாற்றில் இன்னொரு இழையும் இருக்கிறது. 1967-இல் ஜப்பானில் இகுதாரோ ககேஹாஷியின் ஏஸ் டோன் நிறுவனம் ‘ரிதம் ஏஸ்’ என்ற பெட்டியைச் செய்தது. 16 தாளங்கள். அதோடு சிம்பல், கிளேவ்ஸ், கௌபெல், பேஸ் டிரம் என்று நான்கு ஒலிகளுக்குத் தனித்தனிப் பொத்தான்களும் இருந்தன. ககேஹாஷி பின்னர் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808-இல் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தனித் திருகி. வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனி ஒயரில் வெளியே எடுத்துக்கொள்ளலாம். அதாவது தாளத்தை மொத்தமாகத் தருவதும், அதைப் பிரித்துக் கையில் கொடுப்பதும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்திருக்கின்றன. நாம்தான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அதனால் “மிஷின் வந்துதான் மேளத்தைக் கொன்னுடுச்சு” என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. மிஷின் மேளக்காரரின் வேலையைப் பறித்தது உண்மை. அவர் எடுத்துக்கொண்டிருந்த முடிவுகளைக் கைவிட்டது நாம்.

டிரம்மர் என்ன செய்வார்?

டிரம்மர் அடிப்பவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மாமாவிடம் கேட்டபோது அவர் சொன்னதெல்லாம் அடிக்காதது பற்றித்தான். பாடகர் தாழ்ந்த சுரத்தில் தொடங்கினால் கிக்கை விட்டுவிட்டு ஹைஹாட்டை மட்டும் வைத்திருப்பாராம். புல்லாங்குழல் பிட் வரும்போது ஸ்னேர் தோலில் அடிக்காமல் குச்சியை விளிம்பில் தட்டுவாராம். தபலாக்காரர் உருட்ட ஆரம்பித்தால் டாம் பக்கமே போகமாட்டாராம். “அவன் பேசுறப்ப நானும் பேசினா என்னடா கச்சேரி?” என்றார்.

நான்கு நிமிடப் பாட்டில் இப்படி எத்தனை முடிவுகள்! ஸ்டைல் இவற்றில் ஒன்றையும் எடுப்பதில்லை. ஏனென்றால் அதற்குக் காது கிடையாது. பாடகர் இரண்டாம் வரியில் குரல் கம்மினாலும், கல்யாணப் பெண்ணின் அப்பா மேடைக்கு வந்து கண்ணைத் துடைத்தாலும், நாலாவது தட்டில் ஸ்னேர் விழுந்தே தீரும். அந்த அறையில் காது உள்ளவன் கீபோர்டுக்குப் பின்னால் நிற்கும் நான் ஒருவன்தான். அப்படியென்றால் டிரம்மின் ஒவ்வோர் ஒலியும் என் விரலுக்கு எட்டியாக வேண்டும். மொத்தமாக அல்ல, தனித்தனியாக.

எட்டுமா?

எட்டும். ஆனால் படிப்படியாக இறங்கிப் போக வேண்டும்.

முதல் படி டிராக். யமஹாவின் ஸ்டைல்களில் தாளம் ரிதம் 1, ரிதம் 2 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். கோர்க் கீபோர்டுகளில் டிரம், பெர்கஷன் என்று இருக்கும். வாசிக்கும்போதே ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஓடவிடலாம். டிரம் செட் முழுவதும் நின்று ஷேக்கரும் தபலாவும் மட்டும் மிஞ்சும். என் முதல் திருத்தம் இதுதான். மாமா சொன்னது கிக்கை. நான் எடுத்தது டிரம் செட்டையே. கைவலிக்குத் தோளை வெட்டியது போல.

அடுத்தது ஒலிக்குடும்பம். கோர்க் பிஏ வரிசையில் கிக், ஸ்னேர், டாம், ஹைஹாட், சிம்பல் ஆகியவற்றின் அளவைத் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டைலில் கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் வேறு ஒலிக்கு மாற்றவும் வழியுண்டு. மாமா கேட்டது இந்தப் படியில்தான் கிடைக்கிறது.

கடைசிப் படி சுரம். மிடி மொழியில் டிரம் செட் என்பது கட்டைகளின் மேல் பரப்பிவைத்த ஒலிகள்தான். 36-ஆம் எண் கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹாட், 46 திறந்த ஹைஹாட். ஸ்டைலை முன்கூட்டியே திறந்து, வேண்டாத எண்ணை நீக்கிச் சேமித்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. மூடிய ஹைஹாட் விழும்போது திறந்த ஹைஹாட்டின் ஓசை அறுபடும். நிஜ டிரம்மில் காலால் மூடுவதைப் போலப் பெட்டிக்குள் அப்படி அமைத்திருக்கிறார்கள். சத்தம் அதிகமாக இருக்கிறதென்று 42-ஐ ஸ்டைலிலிருந்து நீக்கினால், 46-ஐ மூட ஆளில்லாமல் அது ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீண்டுகொண்டே போகும். நீக்காமல் அளவை மட்டும் பூஜ்ஜியத்திற்குக் கொண்டுவந்தால் மூடல் நடக்கும், ஓசை மட்டும் கேட்காது. நீக்குவதும் அடக்குவதும் ஒன்றில்லை என்று எனக்கு ஹைஹாட்தான் சொல்லிக்கொடுத்தது. எழுதுகிறவர்களுக்கும் இது புரியும் என்று நினைக்கிறேன். ஒரு கதாபாத்திரத்தைப் பேசவிடாமல் வைத்திருப்பது வேறு. கதையிலிருந்தே எடுத்துவிடுவது வேறு. எடுத்துவிட்டால் மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

வாசிக்கும்போதே இதைச் செய்வதுதான் கஷ்டம். வலது கை மெட்டில், இடது கை கார்டில், வலது கால் பெடலில். பெரும்பாலான கீபோர்டுகளில் தனி ஒலியின் அளவு மூன்று நான்கு திரைகளுக்குப் பின்னால் இருக்கிறது. 1980-இல் வெளியே இருந்த திருகி உள்ளே போய்விட்டது. ஆனால் ஒரு சந்து இருக்கிறது. இடது கையை எடுத்தாலும் கடைசியாகப் பிடித்த கார்டைப் பெட்டி நினைவில் வைத்து ஓட்டும். கார்ட் மாறாத இரண்டு பார் கிடைத்தால் இடது கை சும்மா இருக்கிறது. அந்த இரண்டு பாரில்தான் நான் டிரம்மர். ஒரே ஸ்டைலை நகலெடுத்து மெயின் ஏ-யில் கிக் இல்லாமல், பி-யில் ஸ்னேருக்குப் பதில் விளிம்புத்தட்டு, சி-யில் முழு டிரம் என்று சேமித்துவைத்திருக்கிறேன். மெயின் மாறுவது பொதுவாக அடுத்த பாரில்தான். டிராக்கை நிறுத்தினால் அந்தக் கணத்திலேயே நிற்கும். எதை எப்போது பயன்படுத்துவது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013-இல் வந்த யமஹா டைரோஸ்5-இல் ‘ஆடியோ ஸ்டைல்’ இருந்தது. நிஜ டிரம்மர்களை வாசிக்கவைத்து ஒலிப்பதிவு செய்த தாளம். கேட்க உயிரோடு இருக்கும். ஆனால் முட்டையை அடித்துக் கலக்கிய பிறகு மஞ்சளைத் தனியே எடுக்க முடியாது. நிஜ மனிதர் வாசித்ததைக் கைவைக்க முடியாமல் ஓடவிடுவதா, எந்திரம் அடிப்பதைக் காது கொடுத்துக் கேட்டுத் திருத்துவதா? நான் இரண்டாவதையே எடுப்பேன். முதலாவதில் டிரம்மர் இருக்கிறார், ஆனால் இந்த மண்டபத்தில் இல்லை.

நம் தோல்கள்

1991-இல் நிறுவனங்கள் கூடி ‘ஜெனரல் மிடி’ என்ற பொது ஒழுங்கை வகுத்தன. அதில் 35 முதல் 81 வரை 47 தாள ஒலிகள். போங்கோ, கோங்கா, டிம்பாலே, கிளேவ்ஸ், குயிகா எல்லாம் இருக்கின்றன. தபலா இல்லை. மிருதங்கம் இல்லை. உறுமி, தவில், பறை இல்லை. நம் அண்டைவீட்டார் கல்யாணத்தில் ஒலிக்கும் கொம்பாங்கும் இல்லை. மெட்டுக் கருவிகளின் வரிசையில் சித்தாருக்கும் ஷெனாய்க்கும் இடம் கிடைத்தது. ஜப்பானின் டைக்கோ முரசுக்கும் அங்கேயே ஓரிடம். நம் மெட்டுக்கு எண் கொடுத்தார்கள். நம் தோலுக்குக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. இந்தியச் சந்தைக்கென்றே யமஹா பிஎஸ்ஆர்-ஐ வரிசையைக் கொண்டுவந்தது. தபலா, டோலக் ஒலிகளெல்லாம் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் கிடைப்பதும் வசப்படுவதும் வேறு. தபலாவில் இடது கை அடித்துவிட்டு மணிக்கட்டால் அழுத்தினால் ஓசை ‘கூம்’ என்று வளையும். உறுமியில் வளைந்த குச்சி தோலை உரசும்போது வருவதும் வளைவுதான். தைப்பூசத்தன்று பத்துமலைப் பாதையில் ஒருமுறை நடந்தவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கீபோர்டில் வளைக்க பிட்ச் பெண்ட் சக்கரம் உண்டு. ஆனால் மிடியில் அது ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும். இடந்தலையை வளைத்தால் அதே சேனலில் இருக்கும் சலங்கையும் சேர்ந்து வளைந்து நோயாளி மாதிரி முனகும். அதனால் இடந்தலை ஒலியை மட்டும் பிரித்துத் தனி டிராக்கில் வைக்க வேண்டும். தனித்தனியாகப் பிரிப்பது ஏதோ நுணுக்கப் பித்து என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். நம் மேளங்களுக்கு அது அடிப்படைத் தேவை.

எனக்கு உதவிய இன்னொரு வழி டங்டுட். இந்தோனேசிய இசை; இந்தித் திரையிசையின் சாயல் ஏறியது; பெயரே தபலா போன்ற அதன் கெண்டாங் எழுப்பும் ஓசையிலிருந்து வந்தது. அந்த ஸ்டைலில் டிரம் செட்டின் ஸ்னேரை அடக்கி, கெண்டாங்கை மட்டும் மேலே கொண்டுவந்து, டெம்போவைக் கொஞ்சம் தூக்கினால், பழைய தமிழ்க் குத்துப்பாட்டுக்கு ஒரு நல்ல அடித்தளம் கிடைக்கிறது. மேசையில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். இந்த நாட்டில் தமிழ்ப் பாட்டுக்கு இப்படி ஒரு தாளம் அமைவது எனக்கு இயல்பாகவே படுகிறது.

ரிதம் போச்சுலா!

இதெல்லாம் கைவந்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒரு பிறந்தநாள் விருந்தில் எல்லாப் பாட்டிலும் எதையாவது எடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஆட்டப்பாட்டு. சரணம் தொடங்கும்போது கிக்கை எடுத்தேன். முன்னால் ஆடிக்கொண்டிருந்த முப்பது பேரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். ஒரு பையன் கத்தினான்: “ண்ணே, ரிதம் போச்சுலா!” ஒரு பாட்டி காலைத் தூக்கியவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆடும் உடம்புக்குக் கிக் தரை. பாடும் குரலுக்கு அதே கிக் சில நேரம் சுவர். இந்த வித்தியாசத்தை எந்தத் திரையிலும் எழுதிவைக்கவில்லை. அன்று நான் பாட்டைக் கேட்கவில்லை, என் விரலைத்தான் ரசித்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் எடுப்பதும் கேட்காமல் ஓடவிடுவதும் ஒரே குறைதான். முதலாவதில் கொஞ்சம் அலட்டல் கூடுதல்.

நம் இசை விமர்சனம் இந்த இடத்திற்கு வருவதே இல்லை என்பது என் வருத்தம். பாடகரின் குரலைப் பேசுகிறோம், பாட்டின் வரிகளைப் பேசுகிறோம், மெட்டை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று சண்டை போடுகிறோம். அடியில் ஓடும் தாளத்தை யார் தீர்மானித்தார் என்று கேட்பதில்லை. கேட்காத வரை நான்கு பொத்தான்களே போதும் என்று எங்களைப் போன்றவர்களும் இருந்துவிடுவோம். நடை என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துகிற இலக்கிய வாசகர்களிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மெயின் டி-யில் தொடங்கி மெயின் டி-யிலேயே முடிகிற சிறுகதைகளை நாமும் படித்துத்தான் வருகிறோம். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சிம்பல். அவற்றிலும் யாருமே அடிக்கவில்லை.

இரண்டு விரல்

சென்ற மாதம் மாமா வீட்டுக்கு வந்தார். கீபோர்டைத் திறந்து டிரம் கிட் ஒலியை வைத்து, இதுதான் கிக், இதுதான் ஸ்னேர், இந்தக் கறுப்புக் கட்டை ஹைஹாட் என்று காட்டினேன். இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று மேல்பாதியில் மெட்டை வாசித்தேன். சில பார்கள் சரியாகப் போனது. பிறகு சிரித்துக்கொண்டே கையை எடுத்தார்.

“கால் சும்மா இருக்குடா. கிக்னா காலு. விரல்ல வர மாட்டேங்குது.”

கீழே பார்த்தேன். அவர் வலது கால் தரையில் தட்டிக்கொண்டுதான் இருந்தது. விரல் கொஞ்சம் பின்தங்கி வந்தது. கால்தான் சரியாக இருந்தது.

தனி ஒலிகளை என் கைக்குக் கொண்டுவந்ததால் அவருடைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிடவில்லை. அப்படிச் சொன்னால் பொய். அடுத்த விருந்துக்கு இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாமா, ஒரு டிரம்மர் இருக்கிறார் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். “மூனு பேருக்குத்தான் காசு. ஒன் கீபோர்ட்லதான் எல்லாம் இருக்குல்ல?” என்றார். இருக்கிறது என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல?

அந்த விருந்தில் பாடகர் மெதுவான பாட்டைத் தாழ்ந்த சுரத்தில் தொடங்கினார். இரண்டு பார் கார்ட் மாறாது. இடது கையை எடுத்துக் கிக்கை இறக்கினேன். ஹைஹாட் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பாடகர் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வரியைக் கொஞ்சம் நிறுத்தி எடுத்தார்.